மூன்றாம் தண்ணிக்கு முதல்நாள்

மண்ணெண்ணெய்க்காகச் சங்கக்கடை வாசலில் நின்றிருந்தோம். எனக்கு முன்னால் நின்ற குருநகர்க்காரர், தனக்கு முன்னால் நின்ற இளைஞனிடம் கேட்டார்.

“உங்கடை கோல்கீப்பருக்கு எத்தினை தண்ணி வாத்தாச்சு?”

கொப்புளிப்பான் அம்மை மாறும்போது தலைக்கு வார்க்கிற தண்ணியைத்தான் கேட்கிறார். இளைஞன் கொழும்புத்துறை. வெறும் மண்ணெண்ணெய்க் கானைக் காலால் தள்ளிவிட்டுத் திரும்பினான்.

“ரெண்டு. எல்லாம் காய்ஞ்சிட்டுது. மூண்டாந் தண்ணி ஞாயிற்றுக்கிழமை.”

“மட்ச் சனிக்கிழமையெல்லே.”

“ஓம் அண்ணை. மூண்டு தண்ணியும் வாக்காமல் ஒருத்தரும் கிரவுண்டுக்கை வரக்கூடாதெண்டு கமிட்டி சொல்லிப்போட்டுது. அது சரிதான், சின்னப்பிள்ளையள் பாக்க வருங்கள். ஆனால் ஒரு கிழமை பின்போடச் சொல்லிக் கேட்டால், அது மற்றப் பக்கத்துக்கு அநியாயமாம்.”

“மற்றப் பக்கம் நாங்கள்தானே. எங்களைக் கேட்டவையே?”

வரிசை கொஞ்சம் நகர்ந்தது.

“அவன் இல்லாட்டி நீங்கள் லேசாய் வெல்லலாம், அண்ணை.”

“சனிக்கிழமை நாங்களும் வரமாட்டம். ரெண்டு பக்கமும் வராட்டி வேறை நாள் குடுக்கத்தானே வேணும்.”

“ரெண்டு பக்கத்தையும் வெளியில போட்டால்?”

“போடட்டும்.”



“ஏன் அண்ணை?”

அவர் கானை ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு மாற்றினார்.

“போன வருஷம் என்ரை பெனால்டியை அவன் பிடிச்சவன். அண்டையிலிருந்து, கண்ணை மூடினால் அந்தப் பந்தைத்தான் அடிச்சுக்கொண்டிருக்கிறன். கோலுக்கை அவன் நிக்கவேணும், தம்பி.”