வரைபடத்தில் இல்லாத அரை லிட்டர்

— சாப்பிடப் போகலையா ஸ்டோயில் சார்? எல்லாரும் கீழ போயாச்சு. இன்னிக்கு வெள்ளரிக்காய் தயிர் சூப்பாம்.

— போறேன் மார்கோவா மேடம்... இது மட்டும் ஒத்து வந்துட்டா போயிடறேன்.

— காலையிலேருந்து இதே பாட்டுதான். தள்ளுங்க, நான் பாக்கறேன்.

— வேணாம், நானே...

— தள்ளுங்கன்னேன். மூணு நாளா பாடம் எடுக்கறேன். பதினோரு இன்ஜினியருங்க இந்த ஊரை ஆளுக்கொரு தெருவா கம்ப்யூட்டர்ல போட்டு முடிச்சாச்சு. உங்க மேட்டுத் தெரு மட்டும் ஏன் அடம் பிடிக்குது?

— வளர்ப்பு அப்படி.

— தெரியுது... சரி, இந்த நீலக் கோடெல்லாம் தரைக்கு அடியில போற குழாய். இந்தப் புள்ளியில பிரஷர் முப்பத்திரண்டு இருக்கணும்னு கம்ப்யூட்டர் சொல்லுது. நேர்ல அளந்தது எவ்வளவு?

— இருபத்தெட்டு.

— நாலு குறையுது. நாலு சும்மா குறையாது சார்.

— பழைய இரும்புக் குழாய் மேடம். உள்ள துரு. அந்தச் சொரசொரப்பைக் கூட்டிப் போட்டா...

— போட்டாச்சு. பாருங்க, முப்பத்தொண்ணு. இன்னும் கூட்டணும்னா குழாய்க்குள்ள காடுதான் வளரணும்.

— அப்போ மீட்டர் தப்பா இருக்கும்.

— மீட்டரை நேத்து நீங்கதானே மாட்டினீங்க?

— நான் மாட்டினா தப்பா இருக்கக் கூடாதா?

— இருக்கலாம். ஆனா ஜன்னலைப் பாத்துக்கிட்டே சொல்றீங்களே, அதான் இடிக்குது.

— லிண்டன் பூ வாசனை வருது. அதான் பாத்தேன்.

— ம்... வருது. எந்த மரம்?

— மேட்டுத் தெரு வளைவுல ஒண்ணு நிக்குது. காத்து இந்தப் பக்கம் திரும்பினா இங்க வரைக்கும் வரும்... உங்களை இந்த ஊருக்கு யாரு மேடம் அனுப்பினது?

— நானே கேட்டு வந்தேன்.

— ஓ...

— என்ன ஓ?

— ஒண்ணும் இல்ல. மேடம், ஒண்ணு சொல்றேன், சிரிக்கக் கூடாது.

— சொல்லுங்க.

— இந்தக் கோட்டையே பாத்துட்டிருந்தா, நான் உள்ள இறங்கி நடக்கற மாதிரி இருக்கு. முட்டியளவு தண்ணி. ஜில்லுன்னு. தலைக்கு மேல ஊரு... யாரோ பாத்திரம் கழுவறாங்க, யாரோ குழந்தையைக் குளிப்பாட்டறாங்க... எல்லாம் ரொம்ப தூரத்துல கேக்குது. நான் பாட்டுக்கு மெதுவா மேல ஏறிப் போறேன்...

— எங்க போய்ச் சேர்றீங்க?

— அதுக்குள்ள நீங்க வந்து தள்ளுங்கன்னுட்டீங்க.

— அப்போ நான் போய்ப் பாக்கறேன். பம்ப்... ரொட்டிக்கடை... பள்ளிக்கூடம்... இதோ, உங்க லிண்டன் மர வளைவு. இங்க தண்ணி வெளிய போகுதுன்னு வச்சுப் பாப்போம். செகண்டுக்கு அரை லிட்டர்.

— அங்க வீடே இல்ல மேடம்.

— இருக்கட்டும். ஓட விடறேன்... பாத்தீங்களா? இருபத்தெட்டு. பள்ளிக்கூடம் ஒத்து வருது, ரொட்டிக்கடை ஒத்து வருது, எல்லாப் புள்ளியும் ஒத்து வருது. வீடே இல்லாத இடத்துல யாரு சார் இவ்வளவு தண்ணி குடிக்கறது?

— கசிவா இருக்கும்.

— கசிவுன்னே பதிஞ்சிடவா? பதிஞ்சா என்ன ஆகும்னு தெரியும்ல? திங்கக்கிழமை தோண்டுற பட்டியல்ல ஏறிடும். குழாயை வெட்டி அடைச்சுட்டுப் போயிடுவாங்க.

— வேணாம்.

— ஏன்?

— வேணாம் மேடம். அந்தப் பட்டன்லேருந்து கையை எடுங்க.

— எடுத்துட்டேன். சொல்லுங்க.

— கசிவு இல்ல. அங்க ஒரு கல் தொட்டி இருக்கு. குழாய் போட்டது நான்தான். நானே தோண்டி, நானே மூடினேன். மேப்புல மட்டும் வரையல.

— தண்ணியை மூடத் திருகு?

— வைக்கல. செத்தவங்க பேர்ல விடற தண்ணியை அடைக்கக் கூடாது, உங்களுக்குத் தெரியாததா?

— யாரு செத்தது?

— ஒரு பொண்ணு. காலேஜ்ல கூடப் படிச்சவ. கல்யாணத்துக்குத்தான் இந்த ஊருக்கே கூட்டிட்டு வர இருந்தேன். இருபத்திரண்டு வருஷமாச்சு.

— ஐயோ. எப்படி?

— வியன்னா போற பஸ்ல... மலைப் பாதை. கவுந்துடுச்சு.

— பஸ்ஸா? மார்ச்சளின்னாங்களே.

— யாரு சொன்னா?

— சனிக்கிழமை ஊருக்குள்ள நடந்து வந்தேனா, தாகத்துக்கு அந்தத் தொட்டியில குனிஞ்சேன். கறுப்புத் தலைக்குட்டை கட்டின ஒரு அம்மா மெழுகுவத்தி ஏத்திட்டிருந்தாங்க. 'மார்ச்சளி முத்திப் போயிடுச்சு, தங்கமான பொண்ணு'ன்னு ஒரே அழுகை.

— எங்கம்மா... அம்மாகிட்ட என்ன சொன்னேன்னே மறந்துபோச்சு. அவளைக் கண்ணால பாத்ததுகூட இல்ல அம்மா.

— பஸ்ஸா, சளியா சார்? ஒரு பொண்ணு ரெண்டு தடவை சாக முடியாது.

— ஒரு தடவைகூட சாகல.

— என்னது?

— சாகல மேடம். போயிட்டா. வியன்னால வேலை கிடைச்சுது, கூட வான்னா. இந்தப் பம்ப்பை விட்டுட்டு நான் எங்க வர்றதுன்னேன். பஸ் ஏறிட்டா. இங்க ஒயின் பீப்பாய் இறக்கியாச்சு, ஊரையெல்லாம் அழைச்சாச்சு. 'பொண்ணு எங்கடா?'ன்னு அம்மா கேக்கறாங்க. என்னை வேணாம்னுட்டுப் போயிட்டான்னு சொல்ல வாய் வரல. செத்துட்டான்னுட்டேன்.

— அடப்பாவி!

— மறுநாளே அம்மா கல்தச்சனைக் கூட்டிட்டு வந்துட்டாங்க. 'நம்ம வீட்டுக்கு வர இருந்த பொண்ணு, அவ பேர்ல வழியோரம் தண்ணி விடாம இருக்கலாமா?'ன்னு. சொன்ன ஒரு பொய்க்கு அஸ்திவாரம் தோண்டி, சிமெண்ட் பூசி, குழாயும் போட வேண்டியதாப் போச்சு.

— அதான் கல்லுல பொறந்த வருஷம் மட்டும் இருக்கா?

— இன்னொரு வருஷம் என்னன்னு தச்சன் கேட்டான். உளியைக் கையில வச்சுட்டு நிக்கறான்... அப்புறம் சொல்றேன்னுட்டேன்.

— ஆபீஸ்ல மனு குடுத்து மேப்புல ஏத்தியிருக்கலாமே?

— நினைவுக் குழாய்க்கு மனு போட்டா இறப்புச் சான்றிதழ் கேப்பாங்க மேடம். அதுக்கு நான் எங்க போவேன்?

— சிரிக்கக் கூடாதுன்னு பாக்கறேன்... முடியல.

— சிரிங்க. இருபத்திரண்டு வருஷமா இதுக்கு யாரும் சிரிக்கல.

— அவ எப்படி இருப்பா?

— யாரு?

— செத்தவ.

— மூக்கு கொஞ்சம் நீளம்.

— நீளமா?

— அளவாத்தான். கோவம் வந்தா நீளும். கணக்குல ஒரு நம்பர் தப்பாச் சொன்னாப் போதும், தூக்கிடுவா. அப்புறம்... யோசிக்கும்போது பேனாவைக் கடிப்பா. நீங்களும் கடிக்கறீங்க மேடம்.

— பேச்சை மாத்தாதீங்க. அவ மேல கோவம் இருக்கா?

— முதல்ல இருந்துது. ஆனா தினம் அந்த வழியாத்தானே வேலைக்கு வர்றேன்? லாரிக்காரன் நிறுத்திக் குடிப்பான், ஆடு குடிக்கும், பள்ளிக்கூடத்துப் பசங்க தலையை நனைச்சுக்குவாங்க. ஓடற தண்ணியைப் பாத்துட்டே எவ்வளவு நாள்தான் கோவமா இருக்கறது? இப்போ அதை அடைச்சாங்கன்னா தாங்க மாட்டேன் மேடம். அவ்வளவுதான்.

— மத்தியானத்துல பள்ளிக்கூட மாடிக்குத் தண்ணி ஏறறதில்ல. உங்க அரை லிட்டராலதான். அதையும் நான் பாக்கணும்ல?

— தெரியும். அதான் சாப்பிடப் போகாம உக்காந்திருக்கேன்.

— குழாய் வாய்க்குள்ள சின்னதா ஒரு வளையம் வச்சு துளையைக் குறைச்சா? விரல் தண்டிக்கு ஓடினாப் போதும்... இருங்க, ஓட விடறேன்.

— முப்பதரை! ஏறிடுச்சு மேடம்!

— பள்ளிக்கூட மாடிக்கும் ஏறும், ஆடும் குடிக்கும். கசிவுன்னு போடல. பயன்பாடுன்னு போடறேன். ஆனா அப்படிப் போட்டா மேப்புல வரணும், மனு வேணும்...

— சான்றிதழ் வேணும். மறுபடி அங்கேயே வந்து நிக்குது.

— செத்தவளுக்குத்தான் சான்றிதழ். உயிரோட இருக்கறவளே வந்து, 'இது என் பேர்ல ஓடற தண்ணி, எனக்குச் சம்மதம்'னு கையெழுத்துப் போட்டா?

— அவ... அவ்வளவு தூரத்துலேருந்து... போடுவாளா மேடம்?

— திங்கக்கிழமை நான் வகுப்புக்குள்ள வந்தப்போ பன்னெண்டு பேர்ல நீ மட்டும் ஏன் எழுந்து நின்னே?

— கால் தானா எழுந்துடுச்சு. நீ யாரோ மாதிரி 'உங்க பேர் என்ன சார்?'னு கேட்டே. நானும் யாரோ மாதிரி சொன்னேன்.

— பேனாவைக் குடு ஸ்டோயில், ஸ்விலேனா மார்கோவான்னு முழுப் பேராப் போடறேன். உங்கம்மாகிட்டயும் நானே வந்து சொல்லிக்கறேன்... சனிக்கிழமை அந்தத் தொட்டிகிட்ட, செத்தவ ஆத்மா சாந்தியடையணும்னு என் கையிலயே அவிச்ச கோதுமை வச்சாங்க. என் பேரைக் கல்லுல பாத்துக்கிட்டே தின்னேன், 'கடவுள் அவளை மன்னிக்கட்டும்'னு நானும் கூடச் சேந்து சொன்னேன்... சர்க்கரைதான் கொஞ்சம் கம்மி.