சத்தமில்லாத வாயாடி

— என் வகுப்புக்கு வந்து மூணு வாரமாச்சும்மா. உங்க பொண்ணு இன்னும் வாயே திறக்கல.

— யாரு, குட்டியா? போங்க டீச்சர், வெளையாடாதீங்க. வீட்ல அவ வாய்க்குப் பூட்டுப் போட ஆள் தேடிட்டிருக்கேன். கொஞ்சம் காலத் தூக்குங்க, அடியில பெருக்கிடறேன்.

— இங்க அதோ, அந்த மூலையில உக்காந்து கட்டை அடுக்குறா. வர்ணம் அடிக்கிறா. எல்லாம் அருமையா செய்றா. பேரக் கேட்டா மட்டும் தரையப் பார்க்குறா.

— சத்தியமா சொல்றேன், நேத்து பஸ்ல கண்டக்டரையே மடக்கிட்டா. பஸ்ஸுக்கு எப்போ பசிக்கும்னு கேட்டதுல, அந்த மனுஷனுக்கு முழி பிதுங்கிப் போச்சு.

— அந்த வாயில பாதிய இங்க கொண்டுவரச் சொல்லுங்க. திங்கட்கிழமை ஒண்ணாங்கிளாஸுக்குப் பிள்ளைங்கள எடுக்க ஸ்கூல்லேர்ந்து பெரிய டீச்சர் வராங்க. ஒரு பிள்ளைக்கு நாலு கேள்வி. பதில் சொல்லலேன்னா, அடுத்த வருஷம் பார்க்கலாம்னு எழுதிட்டுப் போயிடுவாங்க.

— ஒரு வருஷமா? அய்யோ டீச்சர். நான் வேலை செய்யற வீடுகள்ல இனிமே இவளக் கூட்டிட்டு வராதேன்னுட்டாங்க. வளர்ந்துட்டாளாம். உங்க வகுப்பும் முடிஞ்சு, ஸ்கூலும் இல்லேன்னா இவள எங்க விட்டுட்டுப் போவேன்?

— இத்தன நாளும் வேலைக்குக் கூட்டிட்டா போனீங்க?

— கைக்குழந்தையிலேர்ந்து. மூணு வீடு. உக்கார வச்ச எடத்துல இருப்பா. அம்மா வேலை செய்யற எடத்துல மூச்சு விடக்கூடாது, சத்தம் கேட்டா அம்மாவ வேலைய விட்டு நிறுத்திடுவாங்கன்னு சொல்லியே வளர்த்தேன். தங்கம் அவ, ஒரு நாள் மீறினதில்ல.

— ஏம்மா, அந்தத் துடைப்பத்த உங்கள யாரு எடுக்கச் சொன்னது?

— யாரும் சொல்லல. நீங்க இனாமா சொல்லித்தரீங்க. சும்மா வந்து பிள்ளைய விட்டுட்டுப் போக மனசு வரல. அதான் காலையில துடைச்சு, சாயங்காலம் பெருக்கி விட்டுடறேன்.

— மொத நாள்லேர்ந்தா?

— மொத நாள்லேர்ந்து. ஏன், எங்கயாவது தூசி இருக்கா?

— அட கடவுளே. இதுவும் நீங்க வேலை செய்யற வீடுன்னு நெனச்சிட்டிருக்காம்மா அவ.

— என்ன டீச்சர் சொல்றீங்க?

— உங்க வேலை போயிடக்கூடாதுன்னு வாய மூடிட்டிருக்கா.

— அடி என் ராசாத்தி. நானே என் பிள்ளை வாய அடைச்சு வச்சிருக்கேனே. நான் என்ன செய்வேன் டீச்சர்?

— மொதல்ல கண்ணத் துடைங்க. துடைப்பத்த இப்படிக் குடுங்க. போய் என் நாற்காலியில உக்காருங்க.

— உங்க நாற்காலியிலயா? வேண்டாம், நான் இப்படிக் கீழயே—

— நாற்காலியில. நல்லா சாஞ்சு. கால் மேல கால் போட்டாலும் நான் கேக்க மாட்டேன்.

— எனக்கு ஒடம்பெல்லாம் கூசுது. நீங்க போய்ப் பெருக்கிட்டு.

— என் வகுப்பு, நான் பெருக்குறேன். பேசாம இருங்க, அவ பார்க்குறா. கட்டையக் கீழ வச்சுட்டா. வராம்மா, வரா.

— அம்மா.

— என்னடா குட்டி? காதுல சொல்றியா? சொல்லு.

— டீச்சர் உங்கிட்ட வேலைக்குச் சேர்ந்துட்டாங்களா?

— ஐயோ, மானத்த வாங்காதடி. டீச்சர், இவ என்ன கேக்குறா தெரியுமா?

— கேட்டுச்சு, கேட்டுச்சு. ஆமாடா கண்ணு, இன்னிக்குத்தான் சேர்ந்தேன்.

— பயப்படாதீங்க டீச்சர். நீங்க சத்தமாவே பேசலாம். எங்கம்மா வேலைய விட்டு நிறுத்த மாட்டாங்க.