கண் திறந்த நொடியில் அணைந்த கேமரா

பெருமைக்குரிய தலைவர் அவர்களே! ஒளியை நம்பி உலையேற்றும் என் தொழில் தோழர்களே! ‘சிரிங்க, சிரிங்க’ என்று நாங்கள் கெஞ்சியும் சிரிக்காத பெரியோர்களே! ஊரார் வீட்டுக் கல்யாணங்களுக்கு எங்களை அனுப்பிவிட்டு ஆறிய சோற்றோடு காத்திருக்கும் தாய்மார்களே! அனைவருக்கும் வணக்கம்.

மிரர்லெஸ் கேமராவைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். உள்ளே இருந்த கண்ணாடியைக் கழற்றினார்கள். கனம் குறைந்தது, சத்தம் கரைந்தது! வரப்போகும் படத்தை எடுக்கும் முன்பே காட்டுகிறது. ஓடுகிற பிள்ளையின் கண்ணைத் தேடிப் பிடிக்கிறது. போட்டோவுக்கும் அதுவே, வீடியோவுக்கும் அதுவே! குறையே இல்லையா? என்ன அங்கே? ‘சூடு’ என்கிறார் பின்வரிசை வீடியோக்காரர். உண்மைதான் ஐயா, நெடுநேரம் ஓடினால் சூடேறி நின்றுவிடும். மாமனார் பேசும்போது நின்றால் அது குறையா, கொடையா என்று மாப்பிள்ளையைக் கேளுங்கள்!

என்னை அழவைத்த குறை வேறு. ஏழு ஆண்டுகளுக்கு முன், எட்டு மாதம் நிறையும் முன்பே என் தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிள்ளை கீழ்த்தளத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள், தாய் மேல்தளத்தில். ஒரு மணி நேரத்தில் அவளுக்கு இரண்டாவது அறுவை சிகிச்சை. பெற்ற பிள்ளையின் முகத்தை இன்னும் பார்க்கவில்லை.

“அண்ணா, அவ கண்ணத் திறந்து பாக்குற மாதிரி ஒரே ஒரு போட்டோ. அதப் பாத்துட்டா எங்க வேணா கூட்டிட்டுப் போகட்டும்.”

கல்யாண வேலையிலிருந்து நேரே வந்தவன் நான், பேட்டரி பாதிதான். கீழ்த்தளத்தில் குழந்தைகள் அறை வாசலில் நர்சம்மா மறித்தார்.

“பையை வெளியவே வைங்க. செல்போன் கூடாது, ஃபிளாஷ் கூடாது. டப்பு டப்புன்னு சத்தம் போடுற கேமராவா இருந்தா உள்ளயே விட மாட்டேன்.”

சத்தமில்லாத கேமரா என்னை உள்ளே சேர்த்தது. குழந்தை உறங்கியது. நானோ பழைய பழக்கத்தில் கேமராவைக் கண்ணோடு ஒட்டிக்கொண்டு காத்திருந்தேன். பழைய கேமராவில் பார்ப்பதற்குச் செலவே இல்லை. இதில் நாம் பார்ப்பது ஒரு குட்டித் திரையை! பார்க்கப் பார்க்கப் பேட்டரி தீரும்! இமை அசைந்தது. கண் திறந்தது. என் கேமரா அணைந்தது! வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதை. மாற்றுப் பேட்டரி வெளியே, பைக்குள்.

ஓடினேன், மாற்றினேன், திரும்பினேன். மறுபடியும் உறக்கம்! இந்த முறை கேமராவை அணைத்துவிட்டு வெறும் கண்ணால் பார்த்தேன். சின்ன நெற்றி, நகம் கூட முழுதாக வளராத விரல். எத்தனை ஆயிரம் முகங்களை எடுத்தவன்! ஒரு முகத்தை அவ்வளவு நேரம் பார்த்தது அன்றுதான்.

“சார், மேல ஸ்ட்ரெச்சர் வந்துருச்சாம்” என்றார் நர்சம்மா. அப்போது பிள்ளை கண் திறந்தாள். கேமராவை எழுப்பினேன். மங்கிய விளக்கிலும் கண்ணைப் பிடித்தது. ஒரு சத்தமில்லை, பிள்ளை திடுக்கிடவில்லை. படியேறி ஓடி, லிஃப்ட் வாசலில் தங்கையிடம் திரையைக் காட்டினேன்.

“அண்ணா, என்னையே பாக்குறா” என்றாள். அழுதுகொண்டே, சிரித்துக்கொண்டே போனாள்.

தோழர்களே, இந்தக் கருவியை வாங்குங்கள், கொண்டாடுங்கள்! இரண்டு பேட்டரி சட்டைப்பையில் இருக்கட்டும். ஆனால் பார்க்கிற வேலையை அதனிடம் கொடுத்துவிடாதீர்கள்! அது நம் வேலை!

அதோ, முதல் வரிசையில் என் தங்கை. பக்கத்தில் மாமன் பேச்சைக் கேட்டுக் கொட்டாவி விடுகிறாளே, அவளேதான்! அந்தக் கண்கள் மறுபடி மூடுவதற்குள் முடித்துக்கொள்கிறேன். தலைவருக்கும், பொறுத்திருந்து கேட்ட உங்களுக்கும் நன்றி, வணக்கம்!