நான்காம் வட்டத்துக் குழாய்ச் சாவி

வரிசையில் ஒழுங்காக நிற்கிறவர்களை எனக்குப் பிடிக்கும். என் வாழ்க்கையை எழுத வந்திருக்கிறீர்கள்; இதையே முதல் வரியாக வைத்துக்கொள்ளலாம்.

ஓஹையோ மாநிலத்தின் இந்த நகரத்துக்கு நான் மேயரானபோது வரிசை என்பதே கிடையாது. நான்காம் வட்டம் முழுக்க அதன் நகரசபை உறுப்பினன் கெராட்டியின் கைக்குள் இருந்தது. வேலையோ நிலக்கரியோ ஜாமீனோ, அவனிடம் போனால் போதும். எழுத்து வாசனையே இல்லாத ஆள். ஆகஸ்டு வெயிலில் தெருமுனைத் தீயணைப்புக் குழாயைத் திறந்துவிடுவான். பிள்ளைகள் குளித்துக் கும்மாளமிடும். அப்பன்மார்கள் நவம்பரில் அவன் சொன்ன பெயருக்கு ஓட்டுப் போடுவார்கள். ஒரு குளியலுக்கு விலைபோகிற ஜனங்கள்.

குழாய்களுக்கு இரும்பு மூடி போட்டுப் பூட்டினேன். அந்த வட்டத்துத் தீயணைப்பு வீரர்களும் அவன் ஆட்கள்தான். அதனால் சாவியை என் மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டேன். மனுக் கொடுத்தால் தருவேன் என்று அறிவித்தேன்.

"தண்ணிக்கே பூட்டா மேயரே? நாளைக்குக் காத்துக்கும் போடுவீங்களோ?" என்று நகரசபையில் கேட்டான் கெராட்டி. சபை சிரித்தது. என் ஆட்களும் சிரித்தார்கள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு மதியம், தலையில் தொப்பிகூட இல்லாமல் ஓடிவந்தான். மனுக் கொடுக்க நின்றவர்களின் வரிசையைத் தாண்டி நேரே என் மேசைக்கு வந்தான்.

"ஐயா, டோலன் குடியிருப்பு எரியுது. பொம்பளைங்களும் புள்ளைங்களும் மாடியில மாட்டிக்கிட்டாங்க. வண்டி வந்து நிக்குது, தண்ணி இல்ல. சாவியக் குடுங்க."

"மனு எழுதிக் குடுங்க," என்றேன்.

எழுத்தர் ஹெட்டா பேனாவை எடுத்தாள். "நான் எழுதிடறேன் சார். அவருக்கு எழுத வராது."

"கேக்கறவர் தன் கைப்பட எழுதணும். அதான் விதி."

கெராட்டி பேனாவை வாங்கினான். ஊரையே ஆட்டிவைத்த கையால் காகிதத்தை அழுத்திப் பிடித்தான். ஒரு கோடு போட்டான். பக்கத்தில் இன்னொரு கோடு. பிறகு பேனாவை வைத்துவிட்டு மண்டியிட்டான்.

"என்னைய ஜெயில்ல போடுங்கய்யா. அதுங்க என்ன பண்ணிச்சு?"

பார்க்க எனக்கு நன்றாகத்தான் இருந்தது. கடைசியில் ஹெட்டாவே இழுப்பறையைத் திறந்து சாவியை அவனிடம் கொடுத்தாள். அவளை அன்றே வேலையிலிருந்து நீக்கினேன். இறந்தது பதினோரு பேர், அதில் ஏழு குழந்தைகள்.

நான் விதிப்படி நடந்தேன் என்று விசாரணைக் குழு எழுதியது. கெராட்டி அதற்குப் பிறகு எந்தத் தேர்தலிலும் தலைகாட்டவில்லை. என் சீர்திருத்தங்களில் முழுதாக வெற்றி பெற்றது அது ஒன்றுதான்.

ஒன்றை மட்டும் சரியாக எழுதிக்கொள்ளுங்கள். கைப்பட எழுத வேண்டும் என்ற விதி அந்த மதியம் வரை கிடையாது. சன்னல் வழியாகப் புகையைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அதை உண்டாக்கினேன். மறுவாரமே முன்தேதியிட்டு, சபையில் வைத்து நிறைவேற்றினேன். முறையில்லாமல் நான் எதையும் செய்தவன் இல்லை.