தங்கமணி வீட்டு எஸ்ஓபி

செருப்ப அங்க விடாதீங்க மேடம், இந்த ரேக்குல மேல் தட்டுல வைங்க. கீழ் தட்டு எப்பவும் காலியாத்தான் இருக்கும். தவழுற பிள்ளைக்குக் கை எட்டுற உயரம் அது. ஒரு வாட்டி எங்க வீட்டுக்காரரோட சிலிப்பர எடுத்து ஒருத்தன் பிஸ்கட் மாதிரி சப்பிக்கிட்டு உக்காந்திருந்தான், அன்னிக்குப் போட்ட ரூலு. இப்ப கைய கழுவிக்கோங்க. சோப்பு போட்டு இருபது வரைக்கும் எண்ணணும். ஆமா, ஆபிசரா இருந்தாலும் எண்ணணும். மனசுக்குள்ள எண்ணுனா போதும்லா.

வாங்க, இந்தப் பக்கம், சமையக்கட்டு மேசையில உக்காரலாம். மெதுவா பேசுவோம், பிள்ளைங்க தூங்குது. ஒரு மணிக்குப் படுத்தா மூணு மணி வரைக்கும் தூங்குங்க. இங்கருந்து பாத்தா ஹால் முழுக்கத் தெரியும் பாருங்க, அதுக்குன்னுதான் நடுச் செவுத்துல ஜன்னல் வெச்சோம். எண்ணிக்கோங்க. ஆறு பேரு. உங்க கம்ப்ளேன்ட்டுல இருக்கற கணக்குதான.

கேட்டுலயே படிச்சீங்களே மேடம், பதினேழாம் நம்பர் வீட்டுல தங்கமணின்னு ஒரு அம்மா பதிவு இல்லாம ஆறு பிள்ளைங்கள வெச்சுப் பாக்கறாங்க, ரொம்ப சத்தம் போட்டுப் பேசறாங்கன்னு. ரெண்டும் உண்மைதான். நான் மறுக்கல. இந்தச் சத்தம் பொறந்ததுலருந்து இல்ல, பேக்டரியில வந்தது. பெட்டாலிங் ஜெயாவுல எலக்ட்ரானிக் கம்பெனி, பதினாறு வருஷம், செஞ்ச பொருள செக் பண்ற கியூசி செக்ஷன். மெஷினுக்கு மேல கத்தினாத்தான் ஆளுக்குக் கேக்கும். டெய்லி கிள்ளான்லருந்து பேக்டரி பஸ்ஸு. அந்த செக்ஷன மூடினப்ப எனக்குக் கெடச்சது இந்தக் கொரலும், எதுக்கெடுத்தாலும் எஸ்ஓபின்னு ரூலு எழுதற பழக்கமும்தான்.

நான் சிரிக்கிறேனா? அப்படியா தெரியுது. ஐயோ, உங்கள கிண்டல் பண்ணல மேடம். உங்க ஆபிஸ் வெள்ளக் காரு வந்து கேட்டு முன்னாடி நின்னுச்சு பாருங்க, அப்பருந்து வாய் தானா விரியுது, மூட மாட்டேங்குது. கம்ப்ளேன்ட் வந்தா அழுவாங்க, எனக்கு என்னமோ தீபாவளிக்கு ஆள் வந்த மாதிரி இருக்கு. இந்தாங்க, தேத்தண்ணி. சீனி போட்டேனா இல்லியான்னு ஞாபகம் இல்ல, குடிச்சுப் பாத்துச் சொல்லுங்க. ரெண்டு தடவ போட்டுட்டேனா. குடுங்க, வேற கலக்கறேன். அதெல்லாம் சிரமம் இல்ல.

பக்கத்து வீட்டு வள்ளியம்மாவ விசாரிக்கணுமா? விசாரிங்க, ஆனா அவங்க போட்ட கம்ப்ளேன்ட்டா இருக்குமோன்னு மட்டும் நெனைக்காதீங்க. அவங்க வெள்ளிக்கிழம ஆனா இந்தப் பிள்ளைங்களுக்கு பயத்தம் பருப்புப் பாயசம் பண்ணிக் கொண்டாந்து குடுக்கறவங்க. யாருன்னு நீங்க சொல்ல மாட்டீங்க, சரி, நானும் கேக்கல.

செவுத்துல ஒட்டிருக்கேனே, அதான் ரூலு. மொத்தம் பதினொன்னு, லேமினேட் பண்ணி வெச்சிருக்கேன். சும்மா உக்காந்து யோசிச்சு எழுதல மேடம், ஒவ்வொரு ரூலுக்குப் பின்னாடியும் ஒரு ஆளு இருக்கு. மூணாவது காய்ச்சல். முப்பத்தேழர டிகிரி தாண்டினா கேட்டுலயே டாட்டா. மருந்து குடுத்துச் சூட்ட எறக்கிட்டுக் கொண்டாந்து விடுவாங்க சில பேரு, பத்து மணிக்குப் பிள்ள கொதிக்கும். அதனால பத்து மணிக்கு இன்னொரு தடவ பாத்து நோட்டுல எழுதிடுவேன்.

அஞ்சாவது, லேட்டா வர்றவங்களுக்கு. ஆறரைக்குள்ள வந்து பிள்ளைய கூட்டிக்கணும். அபராதமா? அதெல்லாம் இல்ல. காசு வாங்கினா, அதான் காசு குடுக்கறமேன்னு நிம்மதியா லேட்டா வருவாங்க. லேட்டா வந்தா இந்த ஹால்ல உக்காந்து பிள்ளைக்கு ஒரு கதப் புத்தகம் முழுசா படிச்சுக் காட்டிட்டுத்தான் போகணும். போன் என்கிட்ட. பிரவின்னு ஒருத்தரு, கோலாலம்பூர்ல பேங்க் வேல, பிரிக்பீல்ட்ஸ்லருந்து ரயில்ல வரணும். ரயில் லேட்டுன்னா அவரும் லேட்டு. மொத நாளு டைய கூட கழட்டாம பாய்ல உக்காந்து, முதலைக் கதைய மீட்டிங்ல ரிப்போர்ட் படிக்கற மாதிரி படிச்சாரு. பிள்ள அப்பன் முகத்தையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. மூணாவது தடவ முதலைக்குக் கொரல் மாத்த ஆரம்பிச்சாரு. ஒரு மாசம் இருக்கும், காலையில கொண்டாந்து விடறப்ப அந்தக் குட்டி கேட்டுல நின்னு சொல்லுது, அப்பா இன்னிக்கும் லேட்டா வாங்கன்னு. மனுஷன் மோட்டர்சைக்கிள ஸ்டார்ட் பண்ணாம அப்படியே நின்னாரு. இப்ப ஆறு மணிக்கே வந்துடறாரு மேடம். வந்துட்டு, லேட்டு இல்லன்னாலும் ஒன்னு படிச்சுக்கறேனேன்னு அவரே பாய எடுத்து விரிச்சுக்கறாரு.

எழுதறீங்களா இதெல்லாம்? எழுதுங்க, எழுதுங்க.

ஏழாவதுதான் எனக்கு ரொம்பப் புடிச்சது. ஒரு பிள்ள இன்னொன்ன கடிச்சா, கடி வாங்குன வீட்டுக்குச் சொல்லுவேன். கடிச்சது யாருன்னு மட்டும் சொல்ல மாட்டேன். சொன்னா பிள்ளைங்க அஞ்சு நிமிஷத்துல மறந்துடும், பெரியவங்க அஞ்சு வருஷம் மொறச்சுக்கிட்டுத் திரிவாங்க. ரமணின்னு ஒரு அம்மா, அவங்க மகன் குரு, ரெண்டர வயசு. அதோ, ஃபேனுக்குக் கீழ குப்புறப் படுத்திருக்கானே, அவன்தான். ஒரு நாளு அவன் கையில பல்லுத் தடம். யாரு கடிச்சாங்கன்னு ரமணி கேட்டாங்க. ஏழாவது ரூலுன்னேன். மறுநாளு காலையில ஏழு மணிக்கே வந்து கேட்டுல நின்னுக்கிட்டு, உள்ள வர்ற ஒவ்வொரு பிள்ளைகிட்டயும், கண்ணு, ஆன்டிக்கு ஈ காட்டுங்கறாங்க மேடம். தடத்த போன்ல போட்டோ எடுத்து வெச்சு ஒத்துப் பாக்கறாங்க. மூணு நாளு. இதுங்களும் வெளையாட்டுன்னு நெனச்சு வரிசையில நின்னு ஈ காட்டுது. நான் வாயத் தொறக்கல.

உங்ககிட்ட சொல்லலாம், நீங்க கவர்மெண்ட்டு. அவனேதான் கடிச்சுக்கிட்டான். நான் சின்னதுக்கு டயப்பர் மாத்திக்கிட்டிருந்தேன், ஆன்டி ஆன்டின்னு நாலு தடவ கூப்பிட்டான், இருடா வர்றேன்னேன். பாத்தான். தன் கைய எடுத்துத் தானே ஒரு கடி கடிச்சுக்கிட்டு, இங்க பாருன்னு நீட்டிக்கிட்டு ஓடி வந்தான். அப்பத்தான் நான் திரும்பினேன். ரமணிக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. ரூலுன்னா ரூலு. சிரிங்க மேடம், ஆனா மெதுவா சிரிங்க, ஒருத்தி எந்திரிச்சா ஆறும் எந்திரிச்சுடும்.

இவ்ளோ ரூலு வெச்சிருக்கீங்க, பதிவு மட்டும் ஏன் பண்ணலங்கறீங்க. நியாயமான கேள்வி. அதுக்குத்தான் ஒம்பதாவது ரூலுக்கு வர்றேன். பிள்ளைய கூட்டிக்க வர்றவங்க யாருன்னு அப்பா அம்மா எழுதிக் குடுத்த பேரு, ஐசின்னு சொல்ற அடையாள கார்டு காப்பி, போட்டோ, இந்த மூணும் இருந்தாத்தான் பிள்ளைய கையில குடுப்பேன். மாமான்னு சொன்னாலும் சரி, மந்திரின்னு சொன்னாலும் சரி.

மஞ்ச சட்ட போட்டு, செவுத்துல கால தூக்கி வெச்சுத் தூங்கறா பாருங்க, அவ ஆயிஷா. அம்மா ஹலீமா, ஆஸ்பத்திரியில மிஸ்ஸியா, அதான் நர்ஸா இருக்காங்க. அப்பா ஜாபர் அலி பிந்துலு பக்கம் கடல்ல எண்ணெய் எடுக்கற மேடையில வேல, போனா ஒரு மாசம். அஞ்சு மாசக் கொழந்தையா என்கிட்ட வந்தா, இப்ப மூணு வயசு. ரெண்டு வயசு வரைக்கும் ஒரு வார்த்த பேசல, ஹலீமா பயந்துட்டாங்க. அப்புறம் ஒரு நாளு அவங்கப்பா லீவுல வந்து தூக்கப் போனாரு. கைய கழுவு அப்படின்னா. அதான் மேடம் அவ பேசுன மொத வார்த்த. அந்த ஆளு அழுதுகிட்டே போயி இருபது வரைக்கும் எண்ணிக் கழுவுனாரு.

ரெண்டு மாசம் முன்னாடி, நல்ல மழ. ஒரு பெரியவர் கொடையோட கேட்டுல நிக்கறாரு. நான் அப்துல் ரஹீம், பினாங்குலருந்து வர்றேன், ஆயிஷாவோட தாத்தா, பேத்திய கூட்டிட்டுப் போக வந்தேன்னாரு. லிஸ்ட்ட பாத்தேன், அவர் பேரு இல்ல. ஹலீமாவுக்கு அடிச்சேன், வார்டுல இருந்தா போன் லாக்கர்ல இருக்கும், எடுக்கல. அங்கிள், மன்னிச்சிக்கோங்க, தொறக்க முடியாதுன்னேன். நாற்காலி போட்டேன், கம்பி சந்துல தேத்தண்ணி குடுத்தேன், தொடல. ஆயிஷா உள்ளருந்து அவருக்குக் கைய ஆட்டறா. அவரும் ஆட்டறாரு. அவரு தாத்தாதான்னு எனக்கே தெரியுது மேடம். மூக்கு அதே மூக்கு. சாவி என் கையிலதான் இருக்கு. நான் தொறக்கல. ஒன்னே கால் மணி நேரம். ஹலீமா வந்துதான் தொறந்தேன்.

அவரு கத்திருந்தா நானும் கத்திருப்பேன், எனக்கு அது ஈசி. அவரு கத்தல. ஈரச் சட்டையோட உள்ள வந்து, கைய கழுவிட்டு, இந்தப் பதினோரு ரூலையும் நின்னு படிச்சாரு. எல்லாம் நல்ல ரூலும்மா, என் பேத்திய என்கிட்டயே குடுக்கலியே, அதுகூட நல்லதுதான். ஆனா எங்களுக்கு நீ ரூலு போடற, உனக்கு ரூலு போட்டது யாரு, உன்னோட லைசென்ஸ் எங்க மாட்டிருக்கு, காட்டுன்னாரு.

செவுத்துல எல்லாம் இருக்கு மேடம். அந்த ஒரு பேப்பரு இல்ல.

அக்கம்பக்கத்துப் பிள்ள ரெண்ட பாத்துக்கறதா ஆரம்பிச்சது, அது நாலாச்சு, ஆறாச்சு, அப்புறம் பாத்துக்கலாம்னு இருந்துட்டேன். பதினாறு வருஷம் மத்தவன் செஞ்ச பொருள செக் பண்ணி ஓகே முத்திர குத்தினவ, எனக்கு முத்திர வாங்கல. அன்னிக்கு அவரு வெச்ச கெடு இந்த மாசக் கடைசி, அதுக்குள்ள பேப்பரு வந்தா என் வாயில பேச்சே இல்ல, வரலன்னா பிள்ள பினாங்குல வளரட்டும்னாரு. ஜாபரும் சரின்னுட்டாரு. ஹலீமா நீங்க உக்காந்திருக்கற இதே நாற்காலியில உக்காந்து அழுதாங்க. அவங்களுக்கு ஷிப்டு, லீவு கெடைக்காது, மாசம் ஒரு தடவதான் போயிப் பாக்க முடியும். நான் அழல. அழுதா ஆயிஷா கிட்ட வந்து என் கண்ண வெரலால தொறந்து பாப்பா, அது ஒரு பழக்கம் அவளுக்கு.

மறுநாளே எறங்கிட்டேன். இந்தாங்க பைலு. இது கோர்ஸ் சர்ட்டிபிகேட், சனி ஞாயிறா போயி முடிச்சேன். இது முதலுதவி. இது டைபாய்டு ஊசி போட்ட கார்டு. இது பொம்பா, தீயணைப்புக்காரங்க வந்து பாத்துட்டுக் குடுத்த லெட்டரு, தீயணைக்கற சிலிண்டர் கதவுக்குப் பின்னாடி மாட்டிருக்கு, காட்டறேன். வீட்டு பிளான், பிள்ளைங்க பேரு, எல்லாம் வரிசையா இருக்கும். கடைசியில இருக்கறது உங்க ஆபிஸ்ல பதிவுக்கு ஃபாரம் குடுத்ததுக்கு ரசீது. வீட்ட ஒரு தடவ ஆபிசர் வந்து பாக்கணும், அது ஒன்னுதான் பாக்கின்னாங்க. நாலு தடவ போயிக் கேட்டேன். கவுண்டர்ல இருக்கற பொண்ணு தங்கமான பொண்ணு, உக்காருங்க ஆன்டின்னு தண்ணி குடுக்கும். கம்ப்ளேன்ட் கேஸுக்கு ஓடறதுக்கே எங்களுக்கு ஆள் பத்தல ஆன்டி, உங்க முறை வர்றப்ப வருவோம்னுச்சு. அது மேல தப்பு சொல்ல முடியாது.

பாருங்க, நிதானமா பாருங்க. பாத்ரூமா? வலது பக்கம், தாழ்ப்பாள் வெளியில உசரத்துல இருக்கும். அடுப்புக்கு முன்னாடி தடுப்பு இருக்கு. மருந்துப் பெட்டி மேல, பூட்டு போட்டது.

எல்லாம் டிக்கா? உண்மையாவா மேடம். அப்ப இன்னிக்கு வந்தத அந்த ஃபாரத்துக்கும் சேத்து எழுதிக்கலாமா, இன்னொரு தடவ வர வேணாமா? அடுத்த வாரம் பேப்பரு வந்துடுமா? இருங்க, ஒரு நிமிஷம் உக்காந்துக்கறேன். மாசக் கடைசிக்கு இன்னும் பதினோரு நாளு இருக்கு. ஹலீமாவுக்கு இப்ப அடிச்சாலும் எடுக்க மாட்டாங்க. பரவால்ல, அஞ்சு மணிக்கு வருவாங்க. வரட்டும், நேர்லயே சொல்லிக்கறேன்.

கையெழுத்தா? எங்க, இதுலயா. கம்ப்ளேன்ட்ட நீங்க படிச்சுக் காட்டுனீங்கன்னு நான் ஒத்துக்கிட்டுப் போடணும், அதான. குடுங்க, கண்ணாடியப் போட்டுக்கறேன். பதினேழாம் நம்பர். பதிவு இல்லாமல். ஆறு பிள்ளைகள். சத்தமாகப் பேசுகிறார்.

என்ன மேடம், இதுல பாதிதான் இருக்கு. அந்தம்மா பிள்ளைங்கள கண்ணு மாதிரி பாத்துக்கறாங்கன்னு உங்க ஆபிஸுக்கு அடிச்ச போன்ல நான் மொத வார்த்தையே அதத்தான சொன்னேன், அத எழுதலியா?