சிவப்பு முனைக் கயிறு

இந்த மேஜை ஆடுகிறது. காகிதத்தை மடித்துக் காலுக்கடியில் வைத்திருக்கிறீர்கள். அது நாலு நாள்கூட நிற்காது. இரண்டு முழம் கயிறு இருந்தால் குறுக்குச் சட்டத்தோடு சேர்த்து இழுத்துக் கட்டிவிடலாம், அப்புறம் அசையாது. குறை சொல்ல வந்தேன் என்று நினைக்காதீர்கள், இன்ஸ்பெக்டர். கண்ணில் பட்டதைச் சொல்லாமல் போக முடியாத ஆள் நான்.

என் பெயர் திருமலைசாமி. கணபதி ஏரியாவில் பம்ப்செட் உதிரி பாகங்களை லேத்தில் கடைகிற பட்டறை வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சாரணர் குழு நடத்தினேன். எந்தப் பள்ளிக்கூடத்தையும் சேராத குழு அது; ஆண் பெண் பேதமில்லாமல் யார் வீட்டுப் பிள்ளையும் வரலாம். காரமடைப் பக்கம் போட்ட முகாமில் கயிற்றுப் பாலத்திலிருந்து ஒரு பெண்குழந்தை விழுந்ததே, அந்தக் குழுதான். அந்தக் கதை உங்களுக்கு முழுக்கத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். தப்பு உங்களுடையது அல்ல. உங்களுக்குக் கிடைத்த அறிக்கை அப்படி.

குழுவை மூட வேண்டும் என்று முதலில் சொன்னதே நான்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். பிள்ளைகள் வருவது குறைந்துகொண்டே போனது. ஞாயிறு காலை என்றால் நீட் கோச்சிங், இல்லாவிட்டால் அபாகஸ், அதுவும் இல்லாவிட்டால் மாமா வீட்டுக் காதுகுத்து. நாங்கள் கொடியேற்றும் மைதானத்தில் பாதியை ஷட்டில் ஆடுகிறவர்கள் வளைத்துக்கொண்டார்கள். நான் விசில் ஊதினால் அவர்கள் திரும்பி முறைப்பார்கள். சில வாரம் கொடிக்கம்பத்தின் கீழே நானும் இரண்டு பிள்ளைகளும் மட்டும் நிற்போம். கொடி வணக்கம் முடிந்ததும் அதில் ஒருவன் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று போவான்; போனவன் போனவன்தான். எரிச்சலாக இருக்காதா? சொல்லுங்கள். பட்டறையில் ஆளை நிறுத்தி ஆர்டரைத் தள்ளிப்போட்டுவிட்டு வந்து நிற்கிறேன். எனக்கு என்ன தலையெழுத்தா?

அதனால் பெற்றோர்களைக் கூப்பிட்டு, முறையாகச் சொல்லிவிட்டு மூடிவிடலாம் என்று தீர்மானித்தேன். கல்யாண மண்டபத்து மாடியைக் கேட்டு வாங்கி, டீ, பப்ஸ் எல்லாம் ஏற்பாடு செய்தேன். பேச வேண்டியதைக் கண்ணாடி முன்னால் நின்று பலமுறை சொல்லிப் பார்த்தேன். அன்றைக்கு நன்றாகவே பேசினேன் என்றுதான் நினைக்கிறேன். கடைசியில் என் குரல் கொஞ்சம் தழுதழுத்தது. யாராவது எழுந்து, அப்படிச் சொல்லாதீர்கள் என்பார்கள் என்று எதிர்பார்த்தேன். பொய் சொல்வானேன், எதிர்பார்த்தேன்தான்.

ஒரு தகப்பனார் மட்டும் போனிலிருந்து தலையைத் தூக்கி, "சர்ட்டிபிகேட் மட்டும் பசங்களுக்கு வந்துருமுங்களா சார்?" என்று கேட்டார். மற்றவர்கள் பப்ஸை முடித்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் பொற்கொடி எழுந்தாள். அவள் என் குழுவிலேயே வளர்ந்த பெண். இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. எனக்கு உதவியாக வந்துகொண்டிருந்தாள். அவளுடைய அப்பா எங்கள் தோட்டத்தில் வேலை பார்த்தவர். அதை நான் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. சாரணர் உறுதிமொழி எடுக்கும்போது அவள் கையை நான்தான் பிடித்தேன், அதையும் சொல்லிக்காட்டியதில்லை.

"நீங்க சிரமப்பட வேண்டாமுங்க சார். நானே எடுத்து நடத்தறனுங்க," என்றாள்.

எல்லோரும் கைதட்டினார்கள். நான் மூடுகிறேன் என்றபோது தட்டாத கை, அவள் நடத்துகிறேன் என்றபோது தட்டியது. நானும் தட்டினேன். மேடையில் நிற்கிறவன் வேறு என்ன செய்வது?

சரி, ஆசைப்படுகிறாள், இரண்டு மாதத்தில் அலுத்துவிடும் என்று விட்டேன். அலுக்கவில்லை. ஞாயிறு காலையைச் சனிக்கிழமை சாயங்காலமாக மாற்றினாள். ஃபவுண்டரித் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்குள் நடந்து போய், அம்மாக்களோடு உட்கார்ந்து பேசிப் பிள்ளைகளைக் கூட்டி வந்தாள். ஷட்டில்காரர்களிடம் என்ன சொன்னாளோ, அவர்களே தங்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். மைதானம் நிறைந்தது. எனக்கு ஒரு நாற்காலி போட்டு, "ஆலோசகர்" என்று பெயரும் வைத்தாள். வந்தால் மோர் கொடுத்தார்கள். நான் ஆலோசனை சொன்னால், "சரிங்க சார்" என்று மரியாதையாகக் கேட்டுவிட்டு அவள் நினைத்ததைச் செய்தாள்.

இத்தனை வருஷம் என்னால் ஆகாதது அவளுக்கு ஆறு மாதத்தில் ஆனதென்றால், ஊர் என்ன நினைக்கும்? குழுவில் கோளாறு இல்லை, கிழவனிடம்தான் கோளாறு என்று நினைக்கும். எனக்காக வருத்தப்பட்டுச் சொல்லவில்லை. முறைப்படி மூடியிருக்க வேண்டிய ஒன்றை மூடவிடாமல் செய்துவிட்டார்கள், அதுதான் ஆற்றாமை.

இனிமேல் சொல்வதைக் கொஞ்சம் கவனமாக எழுதுங்கள், கயிறு சம்பந்தப்பட்டது.

எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. நான் கொண்டுவந்தது. கயிற்றுக்கு வயதாகிவிட்டால் அதைத் தூக்கி எறிய மாட்டோம். பட்டறையில் வார்ப்புக்கு அடிக்கிற ரெட் ஆக்சைடு பெயிண்டில் அதன் இரண்டு முனைகளையும் முக்கி எடுத்துவிடுவோம். சிவப்பு முனைக் கயிறு கூடாரம் இழுத்துக் கட்ட ஆகும், துணி காயப்போட ஆகும். ஆளைத் தாங்க ஆகாது. சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். முறுக்கைப் பிரித்து உள்ளே பொடிந்திருக்கிறதா என்று பார்க்கவும் கற்றுக்கொடுத்திருக்கிறேன். ஆனால் முனையில் சிவப்பு இல்லையென்றால் எங்கள் பிள்ளைகள் பிரித்துப் பார்க்க மாட்டார்கள். நான் குறி வைத்திருக்கிறேன் என்ற நம்பிக்கை. வேறு எந்தக் குழுவாக இருந்தாலும் பிரித்துப் பார்த்திருப்பார்கள்.

முகாமுக்கு முந்தின வாரம் ஒரு சிவப்பு முனைக் கயிற்றை எடுத்தேன். சிவப்பை இரு பக்கமும் வெட்டினேன். புது முனைகளுக்கு நூல் சுற்றிக் கட்டினேன். அந்த வேலையில் என் கைக்கு ஈடு கிடையாது. நல்ல கயிறுகளோடு சுருட்டி வைத்துவிட்டேன். அவ்வளவுதான் செய்தேன். கயிற்றை வெட்டுவது, கட்டுவது, சுருட்டுவது, எல்லாம் எப்போதும் செய்கிறவைதான்.

குழந்தைகளுக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்பதில் நான் தெளிவாக இருந்தேன். எந்தப் பாலம் கட்டினாலும் தலைவர்தான் முதலில் ஏறிக் கடக்க வேண்டும். அதுவும் என் வழக்கம்தான். பொற்கொடி ஏறுவாள், விழுவாள், கையோ காலோ கொஞ்சம் பிசகும். பெற்றோர்கள் பயந்துபோய்ப் பிள்ளைகளை நிறுத்திக்கொள்வார்கள். குழு தானாக மூடும். பெரிய பெண், ஒரு எலும்பு முறிந்தால் சேர்ந்துவிடும். இதில் கொடூரம் என்று சொல்ல என்ன இருக்கிறது?

காரமடை தாண்டி மருதாசலம் என்பவருடைய பாக்குத் தோப்பில் முகாம். ஆலோசகராக நானும் போயிருந்தேன். தோப்பின் ஓரமாகப் பள்ளம் ஒன்று போகிறது. நாலு மழை பெய்திருந்தால் இடுப்பளவு தண்ணீர் ஓடியிருக்கும். மழை இல்லை, வெறும் பாறை. அதற்கு நான் பொறுப்பில்லை. அக்கரையில் ஒரு புளியமரம், இக்கரையில் ஒரு புளியமரம். நடுவில் பாலம். கால் வைக்கிற கயிறாக அந்தக் கயிற்றையே எடுத்தார்கள்.

இக்கரை மரத்தில் முடிச்சுப் போட்டவள் தேஜஸ்ரீ. வெங்கடலட்சுமியின் மகள், எங்கள் தெருதான், எட்டாம் வகுப்பு. மைதானத்தில் நானும் இரண்டு பிள்ளைகளும் மட்டும் நின்ற நாளெல்லாம் அந்த இரண்டில் ஒன்று அவள். தண்ணீர் குடிக்கப் போகாதவள். அவளைப்போல முடிச்சுப் போடுகிற பிள்ளையை நான் பார்த்ததில்லை. போட்டு முடித்ததும் உள்ளங்கையால் முடிச்சை ஒருமுறை தட்டுவாள், கன்றுக்குட்டியைத் தட்டுகிறமாதிரி. நானும் அப்படித்தான் தட்டுவேன். என்னைப் பார்த்து வந்தது.

கட்டி முடித்ததும் பொற்கொடி ஏறப் போகிறாள் என்று விசிலை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன். அவள் ஏறவில்லை. முடிச்சுப் போட்டவளுக்குத்தான் முதல் மரியாதை என்று சொல்லி, "ஏறு கண்ணு, உன்ற பாலம்" என்று தேஜஸ்ரீயைத் தூக்கிவிட்டாள். பாருங்கள், என் வழக்கத்தை மாற்றியது அவள். இதை யாரும் அறிக்கையில் எழுதவில்லை.

ஒரு நீள விசில் ஊதினால் எங்கள் பிள்ளைகள் எங்கிருந்தாலும் அப்படியே நிற்பார்கள். விசில் என் பல்லுக்கு நடுவில்தான் இருந்தது. ஊதவில்லை. ஊதினால் ஏன் என்று கேட்பார்கள். கேட்டால் என்ன சொல்வேன்? தவிர, பூஞ்சையான குழந்தை, அவள் எடையைக் கயிறு தாங்கிவிடும், அடுத்துப் பொற்கொடி ஏறும்போதுதான் போகும் என்று நினைத்தேன். என் கணக்கு கொஞ்சம் தவறிவிட்டது. தேஜஸ்ரீ பாதி தூரம் போய் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

எல்லோரும் பள்ளத்துக்குள் குதித்து ஓடினார்கள். நான் மரத்தடிக்கு ஓடினேன்.

பொற்கொடி குழந்தையை மருதாசலத்தின் காரில் ஏற்றிக்கொண்டு போனாள். முகாமை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பெரியவர் இருக்கிறார் என்று நிம்மதியாகப் போனார்கள். பிள்ளைகளைக் கூடாரத்துக்குள் உட்காரவைத்துவிட்டு, அறுந்த கயிற்றை எடுத்து என் வண்டி டிக்கியில் போட்டேன். ஒரு நல்ல கயிற்றை அக்கரை மரத்தில் கட்டி, இக்கரையில் அவிழ்ந்து விழுந்ததுபோல விட்டேன். வந்து பார்த்தவர்கள் கண்ணுக்குக் கயிறு முழுசாக இருந்தது, முடிச்சுத்தான் இல்லை. முடிச்சு சரியாகப் போடப்படாததால் நேர்ந்த விபத்து என்று எழுதிவிட்டார்கள்.

அந்தப் பிள்ளை உயிரோடு இருக்கிறாள். இடுப்புக்குக் கீழே அசைவு இல்லை. பொற்கொடிக்கு வேலை போய்விட்டது, அவள்மேல் வழக்கும் இருக்கிறது. அது உங்களுக்கே தெரியும். குழுவை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. கடைசியாகக் கொடியை நான்தான் இறக்கினேன். இந்தமுறை எல்லோரும் அழுதார்கள். பொற்கொடி என் காலைத் தொட்டு, "உங்க பேரக் கெடுத்துப்போட்டனுங்க சார்" என்றாள். பரவாயில்லை அம்மணி என்று தூக்கிவிட்டேன். உண்மையைச் சொன்னால் அன்றைக்கு எனக்கு மனசு ஆறியது. முறையாக மூடியாயிற்று.

பிறகு ஏன் வந்தேன் என்று கேட்பீர்கள்.

போன வாரம் தேஜஸ்ரீயைப் பார்க்கப் போயிருந்தேன். அவள் அம்மா வெங்கடலட்சுமி காப்பி போட உள்ளே போனாள். குழந்தை கட்டிலில் படுத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு மெதுவாகக் கேட்டது. "என்ற முடிச்சு அவுந்துபோச்சுங்களா சார்?"

"ஆமா கண்ணு. எல்லாருக்கும் ஆகறதுதான்," என்றேன்.

அவள் அழவில்லை. தலையணைக்கு அடியிலிருந்து பயிற்சிக் கயிறு ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினாள். நான் கொடுத்ததுதான். "எனக்கு வேண்டாமுங்க. இனி நான் கட்டமாட்டனுங்க," என்றாள். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. லேத் பக்கமே போகவில்லை. கால் போனது விதி, அதை யார் மாற்ற முடியும்? அவ்வளவு நன்றாகக் கட்டிய பிள்ளையைப் பார்த்து அவிழ்ந்துவிட்டது என்று சொன்னேன் பாருங்கள், அதுதான் தாங்கவில்லை.

இந்தப் பையைத் திறந்து பாருங்கள். மரத்தில் மிஞ்சியது இது. அவிழ்த்து எடுக்கத்தான் பார்த்தேன், அவிழவில்லை. மரத்தின் பின்பக்கம் கத்தியால் அறுத்து, முடிச்சு கெடாமல் எடுத்து வைத்திருக்கிறேன். கயிறு அறுந்திருக்கும் இடமும் தெரிகிறது பாருங்கள், முடிச்சுக்கு ஒரு சாண் தள்ளி.

கயிற்றை மாற்றியது நான். விசில் ஊதாதது நான். சாட்சியை மறைத்ததும் நான். எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன். பொற்கொடி விஷயத்தை நீங்கள் அப்புறம் மெதுவாகப் பாருங்கள். முதலில் அந்த அறிக்கையில் ஒரு வரியைத் திருத்த வேண்டும். முடிச்சு அவிழவில்லை. என் குழுவில் ஒரு முடிச்சுகூட அவிழ்ந்ததில்லை.