மூன்று வட்டங்களை அழித்தவர்

“ஹலோ... ஹலோ, வகுப்புலயா இருக்கீங்க? வெளியே வாங்க... ஆமா, இப்பவே... பசங்க கத்தினா கத்தட்டும், நீங்க வராந்தாவுக்கு வாங்க!”

ஒரு கையில் கைப்பேசி, மறு கையில் டார்ச். அச்சகத்தின் சோதனை மேசையில், சமையலறைச் சுவரிலிருந்து கிழித்து வந்த காலண்டர் தாளை விரித்திருந்தாள். இயந்திரத்தில் தகடு மாற்றுகிறார்கள். மறுபடி ஓடப் பத்து நிமிடம் ஆகும். அதற்குள் இந்த விசாரணையை முடித்தாக வேண்டும். அச்சகத்தில் அவளுக்கு ‘லென்ஸ்காரி’ என்று பெயர். எழுத்தில் முடியளவு பிசிறு இருந்தாலும் பிடித்துவிடுவாள்.

“வந்துட்டீங்களா?... சரி. நம்ம காலண்டர் என்கிட்ட இருக்கு... ஆமா, அதேதான். வட்டமும் கோடும் போடுறோமே, அது.”

குழந்தைக்கு எட்டு மாதம். கூழும் ஊட்டத் தொடங்கி, மாதவிலக்கும் தாறுமாறாகத் திரும்பிய பிறகு, அடுத்த கர்ப்பத்தைத் தள்ளிப்போடப் பால் கொடுப்பதை மட்டும் நம்பியிருக்க முடியாது என்று நர்சம்மா சொல்லிவிட்டார். காலையில் உடல் வெப்பம் பார்க்கும் முறை, ராத்திரியில் மூன்று தரம் எழுப்புகிற பிள்ளையோடு சரிப்படாது. நாள் எண்ணும் முறைக்கு மாதவிலக்கு ஒழுங்காக வர வேண்டும். மிஞ்சியது இரண்டே கேள்வி. இன்று வெள்ளைக் கசிவு உண்டா? நேற்று உண்டா? இரண்டுக்கும் இல்லையென்றால்தான் சேரலாம். உண்டென்ற நாளுக்கு வட்டம், இல்லாத நாளுக்குக் கோடு. மாலையில் பிள்ளை மார்பில் இருக்கும்போது அவள் சொல்வாள். அவள் கணவர், ஊருக்கே நேர்மை போதிக்கிற வாத்தியார், பென்சிலால் குறிப்பார். தூக்கம் கெட்ட தலையில் நேற்று என்பது நிற்பதே இல்லை. காலண்டர் சொல்வதுதான் நேற்று.

“எட்டாம் தேதி கோடு இருக்கு. டார்ச்சைச் சாய்ச்சுப் பிடிச்சா அடியில வட்டம் பள்ளமாத் தெரியுது... என்னது, பென்சில் வழுக்கிடுச்சா? பதினஞ்சாம் தேதியும் வழுக்கிச்சா? இருபத்திரண்டும்?... சரி... ஆமா, ஆமா, மேல சொல்லுங்க... சீ! போதும். மார்க் ஷீட்ல மூணை எட்டாக்கினான்னு ஒரு பையனோட அப்பாவை வரவழைச்சு நிக்க வச்சீங்களே, அந்த வாத்தியாரா பேசுறது?”

லென்ஸை வைத்துப் பார்த்தாள். ரப்பர் பட்ட இடத்தில் தாளின் நார் எழும்பி நின்றது. எச்சில் இலையைத் தொட்டதுபோல் விரலை இழுத்துக்கொண்டாள்.

“குமட்டுதுங்க... ஐயோ, அந்தக் குமட்டல் இல்லை! உங்க பேச்சு குமட்டுது... அன்னைக்கு நர்சம்மா கசிவுன்னு சொன்னப்போ மூஞ்சியைச் சுளிச்சது யாரு? ‘உவ்வே, இதையெல்லாமா எழுதி வைப்பாங்க’ன்னு... அது அசிங்கம் இல்லைங்க, உடம்பு. அசிங்கம் எதுன்னு கேட்டா, இதோ என் மேசை மேல கிடக்கு... இதோ வரேன் ஃபோர்மேன் சார், ரெண்டே நிமிஷம்!... உங்களை இல்லை. நீங்க சொல்லுங்க. எதுக்கு? அதை மட்டும் சொல்லுங்க... ம்... ம்... என்ன சொன்னீங்க? இன்னொரு தரம் சொல்லுங்க.”

டார்ச்சை அணைத்தாள். அடுத்த மாதத்திலிருந்து ஒரு ஷிப்ட் முழுவதற்கும் அவள்தான் பொறுப்பு. அந்தச் செய்தியைக் கேட்டு அவளைவிடப் பெரிதாகச் சிரித்தவர் இவர்தான்.

“ரெண்டாவது வந்துட்டா நானே வேலையை விட்டுடுவேன். கேட்டா மாட்டேன்னுடுவேன், அதனால கேட்கலை. அப்படித்தானே?... நல்லா இருக்குங்க. என் வயிறு, உங்க ரப்பர்!... அழாதீங்க, கேட்கச் சகிக்கலை... என்ன? விசேஷமா? அடச்சீ, இந்த நேரத்துலயும் அதுலேயேதான் இருக்கீங்களா! இல்லை. இன்னைக்குக் காலையில வந்துடுச்சு... ஹலோ? இப்போ பெருமூச்சு விட்டீங்களா? விட்டீங்கதானே?”

மறுமுனை நெடுநேரம் பேசியது. அவள் உதட்டைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

“முடிச்சுட்டீங்களா? இப்போ நான் சொல்றேன்... குறுக்கே பேசாதீங்க. முதல் தடவை ஏமாந்தேன். நாலு நாள் கழிச்சு, சமையலறை ஜன்னல் வெயில் சாய்ஞ்சு விழுந்தப்போ அந்தப் பள்ளம் கண்ணுல பட்டுது. கை தவறியிருக்கும்னு நெனச்சேன். நெனைக்க ஆசைப்பட்டேன். அன்னையிலேர்ந்து இங்க என் லாக்கர்ல இன்னொரு காலண்டர். நானே குறிக்கிறேன், பேனாவால... ஆமா, பொய்தான். நானும் பொய் சொன்னேன். அடுத்த ரெண்டு தடவையும் தலைவலின்னு நான் திரும்பிப் படுத்தப்போ, தைலம் எடுத்துட்டு வந்து நெத்தியில தேய்ச்சு விட்டீங்களே... எனக்குத் தலைவலியே இல்லைங்க.”

துண்டித்தாள்.